மூன்றாவது விசில்

“நாலு பேருக்கும் டிக்கெட் எடுத்தாச்சு மாப்பிள்ளை. இந்த மாசக் கடைசியில தீவுக்குப் போறோம். நீங்கதான் எங்களுக்கு வழிகாட்டி.”

போனில் மாமனார் இப்படிச் சொன்னபோது, ஆலோசகர் கையிலிருந்த தேநீர் வாய்க்கும் மேசைக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

தீவைப் பற்றி ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிச் சம்பளம் வாங்கும் அந்த மனிதர், தீவைக் கண்ணால் கண்டதே இல்லை. தீவென்ன தீவு, கடலையே ஒரு தரம்தான் பார்த்திருந்தார். அதுவும் பஸ் ஜன்னல் வழியாக, அரைத் தூக்கத்தில்.

பயண நிறுவனத்தின் மாடியில், ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடிக்கும் நாற்காலி அவருடையது. தீவுக்குப் போகிறவர்கள் போன் செய்து கேட்பார்கள், இவர் பதில் சொல்ல வேண்டும். ‘தெரியாது’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் வாடிக்கையாளர் எதிர்க் கம்பெனிக்குப் போய்விடுவார் என்பது மேலாளரின் கொள்கை. வெயிலுக்குத் தொப்பி, நனையாத பை, கடைசிப் படகு கிளம்பும் நேரம் எல்லாம் அச்சடித்த தாளில் இருந்தன. ஆனால் ஜனங்கள் தாளில் இருப்பதை எங்கே கேட்கிறார்கள்? கரையில் நண்டு கடிக்குமா என்றார் ஓர் அம்மாள். சிவப்பு சாக்ஸ் போட்டால் நண்டு கிட்டே வராது என்று சொல்லிவைத்தார். தென்னை மரத்தடியில் உட்கார்ந்தால் தலையில் காய் விழாதா என்றார் ஒருவர். வெள்ளைக் கோடு போட்ட மரமெல்லாம் காய் பறித்த மரம், தாராளமாக உட்காருங்கள் என்றார். அலை திடீரென்று ஏறிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டபோது அவர் நாக்கில் சரஸ்வதியே வந்து உட்கார்ந்துவிட்டாள். கரையில் ஒருத்தர் விசில் ஊதுவார், ஒரு விசில் என்றால் செருப்பை எடுக்க வேண்டும், இரண்டு விசில் என்றால் குழந்தையை எடுக்க வேண்டும் என்று ஒரு போடு போட்டார்.

ஊர் திரும்பி யாரும் சண்டைக்கு வரவில்லை. விடுமுறை முடிந்து வருகிறவனுக்கு அழுக்குத் துணி துவைக்கவே நேரம் போதாது.

இதோடு நின்றிருந்தால் பிழைப்புக்காகச் சொன்னது என்று விட்டுவிடலாம். கல்யாணப் பேச்சு நடந்தபோது, பெண் வீட்டாரை அசத்துகிற வேகத்தில், மாதத்துக்கு ஒரு முறை தீவுக்குப் போய்வருகிறேன் என்று அளந்துவிட்டார். மனைவி அதை அப்படியே நம்பினாள். நம்பியதோடு விடாமல், மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களிடம்கூட, எங்க வீட்டுக்காரருக்கு அந்தத் தீவு உள்ளங்கை மாதிரி என்று பெருமை பேசினாள். உண்மை தெரிந்தால் அவள் கத்த மாட்டாள். பேசாமல் இருந்துவிடுவாள். அவருக்குப் பயமே அதுதான்.

மாமனார் வேறு ரகம். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாப் பெட்டியையும் கண்ணால் அளந்த பிறகே பச்சைக் கொடியை அசைத்தவர். அந்தக் காலத்து விசில் இன்னும் அவர் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மாப்பிள்ளை தீவுக் கதைகளை அவிழ்த்துவிடும்போதெல்லாம் அவர் ஒரே வார்த்தைதான் சொல்வார்.

“அப்படியா?”

அந்த ஒரு வார்த்தையில் மாப்பிள்ளைக்குச் சாப்பிட்டது பாதிதான் செரிக்கும்.

பயணத்தை எப்படியாவது நிறுத்திவிடப் பார்த்தார். இது மழைக்காலம், ஒன்றும் பார்க்க முடியாது என்று சொன்னார். மழை என்றால் கூட்டம் இருக்காது, ஒரு ராத்திரி தங்கிவிட்டே வரலாம் என்று மாமனார் அறையும் பதிவு செய்துவிட்டார். அடுத்ததாக இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இடுப்பு வலிக்குக் கடல் மணல்தான் மருந்து என்று யாரோ மாமியாரிடம் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையைக் கழுத்துவரை புதைக்க ஒரு மண்வாரியும் மூட்டையில் சேர்ந்தது. கடைசியில் ஆபீஸில் லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்றார். மறுநாளே மாமனார் இஸ்திரி போட்ட சட்டையோடு ஆபீஸுக்கு வந்து, மேலாளர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது லீவு கிடைத்திருந்தது. மாமனார் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்க மேனேஜர் ரொம்ப நல்ல மனுஷன். மனசு விட்டுப் பேசுறார்” என்றார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் மாமனாரை ஊரிலேயே காணோம். பழைய சிநேகிதர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஒத்தாசைக்குப் போயிருக்கிறார் என்று மாமியார் சொன்னார். அப்படியே அங்கேயே தங்கிவிடக் கூடாதா என்று ஆலோசகர் வேண்டாத தெய்வம் இல்லை. மாமனார் திரும்பி வந்தார். முகம் கறுத்து, மூக்கு உரிந்து, சட்டையெல்லாம் வெள்ளைத் தெறிப்போடு வந்தார். நிழலில் நின்று அடிக்கத் தெரியாதா என்று மாமியார் அவரைக் காய்ச்சி எடுத்தார். பயணம் மட்டும் நிற்கவில்லை.

படகில் இடது பக்கம் உட்கார்ந்தால் குமட்டாது என்பதும் ஆலோசகரின் பொன்மொழிகளில் ஒன்று. நாலு பேரும் இடது பக்கமே உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. கரை மறையும் முன்பே ஆலோசகர் கடலுக்குக் காலைச் சாப்பாட்டைக் காணிக்கையாக்கிவிட்டார்.

“பழகினவங்களுக்கு இப்படித்தான். ரொம்ப நாள் கழிச்சு வந்தா உடம்பு கோவிச்சுக்கும்” என்று சமாளித்தார்.

“அப்படியா?” என்றார் மாமனார், ஒரு கைக்குட்டையை நீட்டியபடி.

தீவு வந்தது. இன்னும் பத்து நிமிஷத்தில் குட்டு உடையும், ஊருக்குப் போகும்வரை மனைவி கடலையே பார்த்துக்கொண்டு வருவாள் என்று எண்ணியபடி மணலில் கால் வைத்தார். எதிரே ஒரு பெட்டிக்கடை. அதன் வாசலில் கட்டிய கயிற்றில் வரிசையாகச் சிவப்பு சாக்ஸ்கள் தொங்கின.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். சாக்ஸ் சாக்ஸாகவே இருந்தது.

“நண்டுக்குப் போடுறதுதானே? குடும்பத்துக்கே எடுத்துக்குங்க” என்றார் கடைக்காரர்.

நாலு பேரும் செருப்பை அலையோரமாகக் கழற்றிவிட்டு, சிவப்பு சாக்ஸோடு நடந்தார்கள். நண்டுகள் தலைதெறிக்க வளைக்குள் ஓடின. நண்டு எந்த நிறத்தைக் கண்டாலும் ஓடும் பிராணி என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. சற்றுத் தள்ளித் தென்னந்தோப்பு. முன்வரிசையில் சில மரங்களின் இடுப்பில் பளிச்சென்று வெள்ளைக் கோடு. அவற்றில் ஒரு காய்கூட இல்லை. ஆலோசகர் மரத்தைத் தொட்டுப் பார்த்தார். தன்னைத்தானே கிள்ளியும் பார்த்தார்.

அப்போது தோப்பின் ஓரத்திலிருந்து, கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஒல்லி மனிதர் ஒரு விசில் ஊதினார்.

“செருப்பு!” என்று மனைவி சந்தோஷக் கூச்சல் போட்டு ஓடிப்போய் நாலு ஜோடியையும் அள்ளிக்கொண்டு வந்தாள். அடுத்த அலை அந்த இடத்தை நனைத்துவிட்டுப் போனது. அவள் செருப்புகளை மார்போடு அணைத்தபடி கணவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக அவர் இன்னும் ஆயிரம் பொய் சொல்லத் தயாராக இருந்தார்.

சொல்லவும் ஆரம்பித்தார். மனைவி போகிற வருகிறவர்களிடமெல்லாம் கணவனின் புகழைப் பரப்ப, சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் வெயில் கொப்புளத்துக்கு வைத்தியம் கேட்டார், ஒருவர் மீன் எந்தப் பக்கம் நீந்தும் என்று கேட்டார். ஆலோசகருக்குத் தலைகால் புரியவில்லை. தன் வாயில் ஏதோ வாக்குப்பலிதம் இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டார். நாம் சொல்வது நடக்கிறது, நடப்பதையெல்லாம் நாம்தான் சொல்லியிருக்கிறோம்.

“மாப்பிள்ளை, இன்னிக்கு இது போதும்” என்று மாமனார் காதருகே சொன்னார். குரலில் ஏனோ ஒரு பதற்றம்.

யார் கேட்டது? இந்தத் தீவின் பெரிய ரகசியம் ஒன்று உண்டு, கடலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அலை நாற்காலிக் காலைத் தாண்டாது என்று ஆலோசகர் கூட்டத்துக்கு அறிவித்தார். பெட்டிக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மாமனார் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல், அதை முழங்கால் தண்ணீரில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மனைவி போட்டோ எடுக்கக் கேமராவைத் தூக்கினாள்.

முதல் அலை நாற்காலிக் காலைத் தாண்டவில்லை. கூட்டம் கைதட்டியது. இரண்டாவது அலை ஆலோசகரின் தலையையே தாண்டியது.

நாற்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், ஒரு சிவப்பு சாக்ஸ் தனியாக இன்னொரு பக்கம் போனது. வாய்க்குள் போன உப்புத் தண்ணீருக்கு நடுவே அவருக்குக் காதில் விழுந்தது விசில் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

“மூணு விசிலா? மூணுக்கு என்னத்தை எடுக்கணும்?” என்று மனைவி அலறினாள்.

“மாப்பிள்ளையை எடுக்கணும்” என்று சொல்லிக்கொண்டே மாமனார் வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீருக்குள் பாய்ந்தார். தோப்பு ஓரத்து ஒல்லி மனிதரும் ஓடிவந்தார். ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து, கரையில் கொண்டுவந்து போட்டார்கள். மாமியார் மண்வாரியோடு வந்து பார்த்துவிட்டு, அதற்கு இனி அவசியமில்லை என்று திருப்திப்பட்டார். பாதி உடம்பு ஏற்கெனவே மணலில்தான் இருந்தது.

துண்டும் மாற்றுத் துணியும் எடுக்கப் பெண்கள் இருவரும் அறைக்கு ஓடினார்கள். ஆலோசகர் வெள்ளைக் கோட்டு மரத்தடியில் வெடவெடத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன உயிர் திரும்பி வந்ததில் மனம் இளகிக்கிடந்தது. இந்த மனிதரையா சந்தேகப் பிராணி என்று இத்தனை நாள் திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று தீர்மானித்தார்.

“மாமா, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். நான் இதுவரைக்கும் இந்தத் தீவுக்கு...”

“முதல்ல தலையைத் துவட்டுங்க மாப்பிள்ளை” என்றார் மாமனார், தன் ஈரத் தோள் துண்டைப் பிழிந்து அவர் தலையில் போட்டு.

அப்போது அந்த ஒல்லி மனிதர் ஈரச் சட்டையோடு வந்தார். கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, மிகவும் மரியாதையாக மாமனாரிடம் நீட்டினார்.

“உங்க விசிலை வெச்சுக்குங்க ஐயா. சாக்ஸ் தொங்கவிடுறது, கோடு போட்டு காய் பறிக்கிறது எல்லாம் போன வாரம் நீங்க இருந்து சொன்ன மாதிரியே செஞ்சோம், ஆனா அந்த மூணாவது விசில் மட்டும் நானா பயந்து ஊதினது.”