துளைகளை அடைத்துவிட்டு வரவும்

பொதுமக்களின் உயிரைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் மருந்துத் தர அலுவலகத்துக்கு ஒரு நாள் ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். கையில் சின்னக் குப்பி. உள்ளே மாவு போல வெள்ளைத் தூள்.

அவருடைய அக்காவுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றும்போதெல்லாம் கட்டியும் அடிவாங்கும், வயிறும் அடிவாங்கும், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் தங்கை சுண்ணாம்புக் கல்லில் இந்தத் துகளைச் செய்தார். துகள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளைக்குள் மருந்து. மேலே இறால் ஓட்டிலிருந்து எடுத்த மெல்லிய உறை. கட்டியைச் சுற்றியுள்ள அமிலப் புளிப்புப் பட்டால்தான் உறை கரையும். மருந்தும் அங்கேதான் இறங்கும். கட்டி வந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்; பிழைத்துக்கொண்டன. இனி மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டும்.

தர அதிகாரி நுண்ணோக்கியில் எடுத்த படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, பூரா ஓட்டை?"

"ஓட்டையிலதான் சார் மருந்தே இருக்கு."

"ஓட்டை உடைசலை இந்த ஆபீஸ் ஏத்துக்கிட்டதா சரித்திரமே இல்ல. அடைச்சுட்டு வாங்க."

"அடைச்சா மருந்தை எங்க சார் வைக்கிறது?"

"அது உங்க பாடு."

"சார், இது நேரா கட்டிக்கு மட்டும்தான் போகும்..."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கட்டிக்கு மட்டுமா? கல்லீரல், மண்ணீரல் எல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? இந்தப் பாரபட்சத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஐயோ, அது விஷம் சார். மத்த எடத்துக்குப் போகவே கூடாது."

"விஷமா!" அதிகாரியின் நாற்காலி சுவர் வரை பின்வாங்கியது.

விஷயம் மேலிடத்துக்குப் போனது. துளைகளை ஆராய உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின், அதாவது இரண்டாம் முறை டீ வந்த பின், குழு ஏகமனதாகத் தீர்ப்பளித்தது: மேற்படி துகளில் குற்றமில்லை, அதிலுள்ள மருந்துதான் ஆபத்து. மருந்தை அகற்றிவிட்டால் துகளை முகப்பவுடராக விற்கலாம். முகத்தில் ஏற்கெனவே துளைகள் இருப்பதால் துளை பற்றிய ஆட்சேபணையும் கைவிடப்படுகிறது.

ஆராய்ச்சியாளர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் சந்தோஷமாகச் செய்முறையை ஒரு பவுடர் கம்பெனிக்கு விற்றுவிட்டார். 'இலக்கைத் தேடிப் போகும் பவுடர்' என்று விளம்பரம் வந்தது. எந்த இலக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரே பூசிக்கொண்டது. தர அதிகாரி கழுத்து வரை பூசினார்.

ஆராய்ச்சியாளர் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரி எல்லார் முகமும் சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி இருந்தது. அக்கா வாந்திப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அனுமதி கிடைச்சுதாடி?"

"கிடைச்சுதுக்கா. மூஞ்சிக்கு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"சரி, எனக்கும் ஒரு டப்பா வாங்கிட்டு வா. இங்க நான் ஒருத்திதான் பூசாம இருக்கேன்."

"எங்கக்கா கிடைக்குது?" என்றாள் தங்கை. "காலையிலேர்ந்து வரிசையில நின்னுட்டுத்தான் வர்றேன். எனக்கு முன்னாடி நின்னவரோட தீர்ந்துடுச்சு."