பல் பட்ட பழக்கிண்ணம்

ஒரு காட்டில், அதுவும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததுமே "கடைசியில் என்ன இனிப்பு?" என்று கேட்கிற காட்டில், வடிவு என்ற அணில் மாமரத்தடியில் பழக்கடை வைத்திருந்தது.

விற்பது ஒரே பண்டம். கொட்டாங்கச்சி நிறையக் கொய்யா, பப்பாளி, மாம்பழத் துண்டுகள். மேலே தேங்காய்ப்பாலும் தேனும். ஓரத்தில் ஒரு செம்பருத்திப் பூ. அடுப்பும் வேண்டாம், அலட்டலும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு பழத்தையும் வடிவு முதலில் கடித்துப் பார்க்கும். இனித்தால் கிண்ணத்துக்கு, புளித்தால் பன்றி வீட்டுக்கு.

சிங்கராஜா மகளுக்குக் கல்யாணம் வந்தது. இனிப்பு செய்யும் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்று ருசி பார்க்கச் சபை கூடியது. வடிவும் ஆசையோடு கிண்ணம் கொண்டுபோனது. சுகாதார அதிகாரி கரடியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கொய்யாத் துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பல்லு பட்டிருக்கு?"

"கடிச்சுப் பாக்காம இனிக்குதான்னு எப்படிங்க தெரியும்?"

"ஐயோ, எச்சில்!" என்று அலறினார் கரடியார். கறையான் புற்றில் மூக்கை விட்டு உறிஞ்சுகிறவர் அவர். அதை யார் கேட்பது? "நாளைக்குக் காலையில உன் கடைக்குப் பூட்டு!"

வேலை மயிலுக்குப் போனது. மயில் பாதி பழுத்த பழங்களை நட்சத்திரமும் பிறையுமாக நறுக்கி, தட்டில் தோகை மாதிரி விரித்து வைத்திருந்தது. சிங்கராணி ஒரு துண்டை வாயில் போட்டாள். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "பாக்கும்போதே வயிறு நிறைஞ்சுபோச்சு" என்று தட்டைத் தள்ளிவைத்தாள். உடனே சபைக்கே வயிறு நிறைந்துபோனது.

வடிவு கடைக்குத் திரும்பி அழுதது. பாவம், அதற்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். கிளையில் இருந்த காக்கைக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி அழுவுற? ஊருக்குள்ள போய்ப் பாரு. அணில் கடிச்ச பழம்தான் இனிக்கும்னு மனுஷங்க தேடிப் பொறுக்குறாங்க. நீ கடிச்சது தப்பில்ல. அதைச் சொல்லாம வித்ததுதான் தப்பு."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பலகை எழுதி மாட்டியது: 'அசல் அணில் கடித்த பழக்கிண்ணம். பல் தடத்துக்கு உத்தரவாதம். பெரிய இடத்தாருக்கு மட்டும்.'

காலையில் பூட்டோடு வந்த கரடியார் பலகையைப் படித்தார். அதற்குள் முயலும் மானும் நரியும் வரிசையில் நின்றிருந்தன.

"ஏம்மா, நான் பெரிய இடம் இல்லையா?" என்று பூட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் புகுந்தார். கிண்ணம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பார்த்தார். "இந்தத் துண்டுல பல்லையே காணோம்! ஏமாத்துறியா?"

மத்தியானமே அரண்மனையிலிருந்து யானை வந்தது. "மயிலு வேணாமாம். நீயே செய்யணுமாம். பல்லு நல்லா ஆழமா படணும்னு ராணியம்மா சொல்லச் சொன்னாங்க."

காட்டுக்கே விருந்து. கடித்துக் கடித்து வடிவுக்குத் தாடை வீங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் வேலை போன மயிலையே கூலிக்கு அமர்த்தியது. மயிலுக்கு ஏது பல்? கத்தி முனையால் துண்டுக்குத் துண்டு அச்சு அசலாகப் பல் தடம் செதுக்கிக் கொடுத்தது.

பந்தியில் கரடியார் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு ஏப்பம் விட்டார். "என்ன இருந்தாலும் நிஜப் பல்லு நிஜப் பல்லுதான்யா!"

நீதி: எச்சிலைச் சொல்லாமல் விற்றால் குற்றம், பலகை மாட்டி விற்றால் பல் இல்லாதவருக்கும் பிழைப்பு உண்டு.