நாடாளுமன்றத்துக்கு எதிரே நிற்கும் மாமனார்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன், ஓய்வுபெற்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், என் முழங்காலைத் தவிர. அங்கே எல்லோரும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால், உங்கள் அப்பாவைப் பார்த்தேன். பதறாதீர்கள், கனவில் இல்லை, படத்தில். எங்கள் நூலகத்துக் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பழைய படம் போடுகிறார்கள், நானும் மின்விசிறிக்காகப் போய் உட்காருவேன். போன மாதம் தலைநகரைச் சுற்றிக் காட்டுகிற கலர் படம் ஒன்று, நாமெல்லாம் அரை டிராயர் போட்ட காலத்தில் எடுத்தது. அடடா, என்ன ஊர், என்ன படம் மச்சான்! நாடாளுமன்றக் கட்டிடம் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி மின்னுகிறது, மணிக்கூண்டு சரியான நேரம் காட்டுகிறது, ஆற்றுப் பாலத்தில் ஒருத்தர்கூட எச்சில் துப்பவில்லை, பின்னாலிருந்து ஒருவர் வெண்கலக் குரலில் "காணுங்கள், காணுங்கள்" என்று சாக்கடை மூடியைக்கூட விடாமல் மெச்சுகிறார். வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டே இருக்கேன், நாடாளுமன்றத்துக்கு எதிரே ரவுண்டானா வருது, நடுவிலே ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர். அந்த மீசை, அந்த விறைப்பு, அந்தக் கை! பெண் கேட்டு வந்த அன்னைக்கு வாசலிலேயே என்னை மறிச்சு நிறுத்தினாரே, அதே கை. "மாமா!"ன்னு எழுந்துட்டேன். என் தலை நிழல் நாடாளுமன்றத்து மேலே விழுந்து பாதிக் கட்டிடம் காணாமப் போச்சு, பின்னாலே எல்லாரும் உட்காருய்யான்னு கத்த, நான் திரைகிட்டே ஓட, காலில் ஒயர் மாட்டி, புரொஜெக்டர் அணைஞ்சு, நானும் குப்புற விழுந்தேன். முழங்கால் கதை இதுதான்.

நூலகத்து அம்மா முதலில் கண்டபடி திட்டினாங்க. விஷயத்தைச் சொன்னதும் இளகிப்போய் அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டாங்க. அவசரத்தில் பின்பக்கமா ஓட்டிட்டாங்க போல, காரெல்லாம் வந்த வழியே பின்னாலே போச்சு, மாமா நீட்டின கையைத் திரும்ப வாங்கிக்கிட்டார். அப்பவும் விறைப்பு குறையலை. அவர் போலீஸ்காரர்னு தெரியும், ஆனா தலைநகரிலே, அதுவும் நாடாளுமன்றத்துக்கு எதிரே நின்னார்னு நீங்க யாரும் என்கிட்டே சொன்னதே இல்லையே. அவரும் மூச்சு விட்டதில்லை. எவ்வளவு அடக்கமான மனுஷர்! சந்தேகமே வேண்டாம், காலமெல்லாம் ஊருக்கே கண் பார்த்துக் கண்ணாடி போட்டுவிட்டவன் நான்.

அடுத்த வாரமும் அதே படம்தான்னாங்க, உங்கள் தங்கையைக் கூட்டிக்கிட்டுப் போனேன். திரையைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், தோள் குலுங்குது. அழட்டும்னு என் துண்டை நீட்டினேன். கவனிச்சுப் பார்த்தா, கொடி கட்டின பெரிய கார் ஒண்ணை நிறுத்தி வெச்சுட்டு, கூடை தூக்கிக்கிட்டு வர்ற ஒரு அம்மாவை முதலில் கடக்க விடறார் மாமா. அந்தக் கையை நினைச்சு எத்தனை வருஷம் உங்க வீட்டையே கரிச்சுக் கொட்டியிருப்பேன்! என்னை நிறுத்தினதும் ஒரு பொண்ணு பத்திரமா கடக்கணும்னுதானே. அவரோடு ஒரு நாள்கூட முகம் கொடுத்துப் பேசாம விட்டுட்டேனே மச்சான்.

வர்ற சனிக்கிழமையோடு படத்தைத் திருப்பி அனுப்பிடறாங்களாம். அப்பா நடமாடறதைப் பார்க்க வேறே வழி கிடையாது. எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். உறையை ஒட்ட உங்கள் தங்கையிடம் கொடுக்கிறேன், கோந்து வாடை எனக்கு ஆகாது. பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் உரியபடி பங்கிட்டுக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
மாமாவின் பெருமைமிக்க மருமகன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதறேன். அது நம்ம அப்பா இல்லை. நம்ம ஊர் ரயில்வே கேட்டைத் தாண்டி அவர் ஒரு நாளும் டியூட்டி பார்த்ததில்லைன்னு உனக்குத் தெரியாததா. மீசையும் அப்படி இல்லை. சிரிப்பை அடக்கத்தான் கண்ணாடியைக் கழற்றினேன். ஆனா இவர் அத்தனை பேர் நடுவிலே எழுந்து நின்னு, "மாமா, உங்க பொண்ணை நல்லாத்தான் வெச்சிருக்கேன்"னு திரையைப் பார்த்துச் சொன்னாரு. அப்போ நிஜமாவே அழுதுட்டேன். சனிக்கிழமை கட்டாயம் வா. அந்த ரவுண்டானா வந்ததும் "அப்பா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்.