தெற்கு பார்த்த சாமி மேடை

அளவு நாடா கையில் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று இருபத்தைந்து வயதில் நம்பிய மகா மேதை நான். அப்போது மலேசியாவின் மூவார் நகரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வடிவமைப்பாளர். (வேலையில் சேர்ந்து மூன்று மாதம், பேச்சில் முப்பது வருஷ அனுபவம்.)

பக்கத்தில் சாஆ என்ற ஊரில் இருந்த மாலதியை எனக்குப் பிடித்திருந்தது. அவள் அம்மாவுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே! ஹாலுக்கு ஒரு சாமி மேடை வேண்டும் என்று அவர் சொன்னதும், இதுதான் சமயம் என்று நோட்டும் நாடாவுமாகப் போய் இறங்கினேன்.

தேவை என்ன, கட்டுப்பாடு என்ன என்று முதலில் எழுதி வாங்க வேண்டும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். அத்தையை (அப்போது ஆண்ட்டி) ஒரு மணி நேரம் போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். எத்தனை படம்? விளக்கு எவ்வளவு உயரம்? சாம்பிராணிப் புகை எங்கே போகும்? அவர் டீ போடப் போன நேரத்தில் காலியாக இருந்த சுவரை நானே தேர்ந்தெடுத்து, மேலே உத்தரம் இறங்கும் இடம்வரை அளந்துகொண்டேன்.

ஆறு வாரம் கழித்து மேடை லாரியில் வந்து இறங்கியது. சுவரோடு திருகி மாட்டினோம். மேல் பலகையில் புகைத் துளைகள், சூடத்துக்குத் தனி இழுப்பறை. அத்தை மேடையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"தம்பி, சாமி தெக்க பாக்குதே!"

"நீங்க சொல்லவே இல்லையே, ஆண்ட்டி?"

"இதையும் சொல்லணுமா?"

மாலதியின் அப்பா பேப்பரை மடித்தார். "தட்சிணாமூர்த்தி மட்டும் தெக்க பாக்கலாம் லா. மத்த சாமிங்கள எங்க அனுப்புறது?"

மாலதி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். என் கல்யாணமும் அவள் பின்னாலேயே ஓடிவிட்டது என்று நினைத்தேன்.

உத்தரத்துக்கு ஏற்றபடி வெட்டிய மேடை வேறு எந்தச் சுவரிலும் பொருந்தாது. அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, டிவியைத் தூக்கி அதில் வைக்கச் சொன்னார். சூட இழுப்பறையில் ரிமோட். டிவி சூடு போகப் புகைத் துளைகள். கச்சிதம்!

"தப்பு பண்ணிட்டு ஓடாம நின்னான்ல, அது போதும்" என்று பெண்ணையும் கொடுத்தார். அதன்பிறகு நான் குடை வாங்கி வந்தாலும் ஒரே கேள்விதான்: "எந்தப் பக்கம் பாக்குதுன்னு கேட்டீங்களா, மாப்ள?"

போன வருஷம் அத்தை போய்விட்டார். மாமா டிவியை எடுத்துவிட்டு அத்தையின் படத்தை மேடையில் வைத்தார். இறந்தவர்கள் படம் தெற்கு பார்த்து இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சாம்பிராணிப் புகை முதல்முறையாக என் துளைகள் வழியே மேலே போனது.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்தப் பக்கம் பாக்குதுன்னு கேட்டீங்களா, மாப்ள?"

"தெக்க, மாமா."

"அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."