வாயை இரவல் வாங்கிய செல்வாம்பாள் அக்காவுக்கு

முதலியார்பேட்டை, புதுச்சேரி
வியாழக்கிழமை

கனம் பொருந்திய ஓரகத்தி செல்வாம்பாள் அக்காவுக்கு, உங்கள் கொழுந்தன் பெண்சாதி வீராயி எழுதிக்கொண்டது. இங்கு நான், என் மகன் கலைவாணன், மருமகள் கார்குழலி மூன்று பேரும் சுகம். பேத்தி இனியா சுகமில்லை. பதிலுக்கு உங்கள் சுகத்தைக் கேட்பதுதான் மரியாதை. நீங்கள் செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டதால் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. இருக்கிற இடத்தில் தண்ணீருக்குக் கஷ்டம் இருக்காது என்று நம்புகிறேன்.

இது நானாக எழுதும் கடிதம் இல்லை. பிள்ளைகளுக்கு மனசு பார்க்கிற டாக்டரம்மா செந்தமிழ்ச்செல்வி எழுதச் சொன்னார். மனசில் உள்ளதை எழுதினால் போதும், எங்கேயும் அனுப்ப வேண்டாமாம். அனுப்ப உங்களுக்கு விலாசம் எங்கே இருக்கிறது?

இனியாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து பேச்சு நின்றுபோயிற்று. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். வீராம்பட்டினத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். கடைசியில் பள்ளிக்கூடத்திலேயே இந்த டாக்டரம்மா இடத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சுக்காரர் வீடு. ஊசியும் இல்லை, மருந்து வாசனையும் இல்லை, தரையெல்லாம் பொம்மையும் மரக்கட்டையும். நாலு வாரம் பிள்ளையைக் கட்டை அடுக்கச் சொன்னார், படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். அவள் கட்டையை மட்டும் அடுக்கினாள். கலைவாணனையும் கார்குழலியையும் தனித்தனியாக உட்காரவைத்து நூறு கேள்வி கேட்டார். வெளியே வந்த இரண்டு பேரும் வீடு வந்து சேரும்வரை ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. வீட்டில் பேசாத ஆள் மூன்றாகிவிட்டது.

ஐந்தாம் வாரம், வீட்டில் இருக்கிறவர்களை வரையச் சொன்னார். நாங்கள் நாலு பேர். பிள்ளை ஐந்து பேரை வரைந்தாள். ஐந்தாவது ஆள் எனக்குப் பின்னால், என் தோளில் மோவாய் படுகிற மாதிரி நிற்கிறாள். பச்சைப் புடவை, மஞ்சள் கரை, முந்தானை ஓரத்தில் ஒரு கிழிசல். காலைக் காணோம். இனியா தன் முகத்தில் வாய் போடவில்லை. அந்தப் பொம்பளையின் பெரிய முகத்தில் சின்னதாகக் குழந்தை வாய் ஒன்று ஒட்டியிருந்தது.

பிள்ளை ஏதோ கற்பனையில் வரைந்திருக்கிறாள் என்றான் கலைவாணன். கற்பனை இல்லை. அது நான் உங்களுக்குப் படைத்த புடவை அக்கா. பூவும் பொட்டுமாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் புதுப்புடவை வைத்துப் படைப்பது நம் வீட்டு வழக்கம். கலைவாணன் கல்யாணத்தில் உங்களுக்குப் புதுசு வைக்க எனக்கு மனசு வரவில்லை. என் பழம்புடவைக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கிழிசலை உள்ளே மடித்து, ஜவுளிக்கடைக் கவரில் போட்டு வைத்தேன். அந்தக் கிழிசல் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இனியா அப்போது பிறக்கவே இல்லை.

இது யாரும்மா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, என்னை ஆயா என்று கூப்பிடுகிற பிள்ளை பென்சிலால் படத்துக்குக் கீழே எழுதிக் காட்டினாள்: 'ஆயா கிட்ட பேசணுமாம். வாய் இல்லையாம். நான் குடுத்தேன்.'

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். வீட்டில் பெரியவர்கள் பேசாமல் அமுக்கி வைப்பது பிள்ளைகள் காதில்தான் முதலில் விழும் என்றார். நான் பெருமையாகவே சொன்னேன், "இருபத்திரண்டு வருஷமா அந்தப் பேர என் ஊட்டுல யாரையும் சொல்ல வுட்டதில்ல மேடம்." அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஏன் என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து வந்த உங்கள் தம்பி நம் இரண்டு பேருக்கும் என்று கொண்டுவந்த சென்ட்டை நீங்களே பூசித் தீர்த்து வெறும் பாட்டிலை எனக்குத் தந்ததில் ஆரம்பித்தேன். வஞ்சிரத்தில் எனக்கு எப்போதும் வால் துண்டு, குழாயில் உங்கள் குடத்துக்கு முதலிடம், என் வளைகாப்பில் நீங்கள் கொட்டாவி விட்டது. ஒரு மணி நேரம் கழித்து, அடுத்த பிள்ளை வெளியே காத்திருக்கிறது என்றார். நான் இன்னும் 1987-ஐத் தாண்டவில்லை. மீதியைக் கடிதமாக எழுதி வாருங்கள், இனி வியாழக்கிழமை உங்களுக்கு என்று சொல்லிவிட்டார். வாயைத் தொலைத்தவள் பேத்தி, வைத்தியம் எனக்கு.

மீதி இதுதான். ஒரே வீடு, இரண்டு அடுப்பு, நடுவில் ஒரு சுவர், பதினோரு வருஷம் பேச்சில்லை. நீங்கள் படுக்கையில் கிடந்த கடைசி நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று தடவை "வீராயி"ன்னு கூப்பிட்டீங்க. கொல்லையில உக்காந்து அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டிருந்தேன். எழுந்திருக்கல. கிரைண்டர் சத்தத்துல காதுல விழலன்னு கருமாதி வரைக்கும் வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். அன்னிக்குக் கரண்டே இல்ல அக்கா.

சாகும்போது எனக்குச் சாபம் விடத்தானே கூப்பிட்டீர்கள்? அந்தச் சாபம் எதுவானாலும் என் தலையில் விடியட்டும். நான் செய்தது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். இனியாவின் வாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கே பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கி, மடிப்புக் கலையாத புதுப்புடவை வைத்துப் படைக்கிறேன்.

நீங்கள் செத்த வயசை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். ஆனாலும் நீங்கள் மூத்தவர், ஆசீர்வாதம் செய்ய எனக்கு வயசு உண்டு, முறை இல்லை. அங்கே என் வீட்டுக்காரரைப் பார்த்தால் மாத்திரை எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு
வீராயி

பி.கு.: கையெழுத்துப் போட்டுத் திரும்பினால் இனியா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டரை மாதம் கழித்து வாயைத் திறந்தாள். "சாபம் வுடலயாம் ஆயா. உன் அடுப்புல பாலு தீயுதுன்னு சொல்லத்தான் கூப்புட்டாங்களாம். சொல்லியாச்சுன்னு வாயக் குடுத்துட்டாங்க." இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தோசை கேட்டு அடுக்களைக்குப் போனாள். அங்கே கார்குழலி அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். நீங்கள் கூப்பிட்ட அன்றைக்கு நான் உள்ளே வந்தபோது பால் சட்டி கருகித்தான் கிடந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன், ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. மேலே கேட்ட மன்னிப்பை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். திட்டக் கூப்பிட்டீர்கள் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தேன். சாகக் கிடந்தவள் என் பாலைக் காப்பாற்றக் கூப்பிட்டாள் என்று இப்போது சொல்லி அனுப்பினால், இனி நான் எப்படித் தூங்குவது? இதற்கு மட்டும் உங்களை மன்னிக்கவே மாட்டேன் அக்கா.