பிழைதிருத்துநர் வலக்கண் மீட்ட படலம்

ஒற்றுப்பிழை கண்டால் ஒரு வாரம் உறங்காதவரும், காற்புள்ளிகளின் காவலரும், அச்சகத்துப் பின்னறையின் கைவைத்த நாற்காலிக்கு அதிபதியும், செம்மை தோய்த்த பேனாவால் நாற்பதாண்டுக் காலம் எழுத்துக்குற்றங்களின் குருதி பெருக்கியவருமான பிழைதிருத்துநர் வாழ்க; அப்பேர்ப்பட்டவர் கண்ணில் புரை விழுந்த கதையை உலகம் கேட்பதாக.

புரை என்று சொன்னது மருத்துவர்தான். நம் வீரரோ, தெருவிளக்குகள் தாடி முளைத்து நின்றதற்கு மின்சார அலுவலகமும், எழுத்து மங்கியதற்கு மை கலக்குபவரும், எதிரே வந்த சம்பந்தியைக் கும்பிடாமல் கடந்ததற்குச் சம்பந்தியின் சட்டை நிறமுமே காரணம் என்று முழங்கிவந்தார்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. உலகம்தான் சரியா அச்சாகல" என்பது அன்னாரின் போர்ப் பிரகடனம்.

விதியோ கல்யாணப் பத்திரிகை வடிவில் வந்தது. 'மணமக்களை வாழ்த்த வருக' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'மணமக்களை வீழ்த்த வருக' என்று எண்ணூறு பிரதிகள், அவர் கையொப்பத்தின் ஆசியோடு அச்சேறி ஊரெங்கும் பறந்தன. பெண்ணின் தகப்பனார் அச்சகத்துக்குள் நுழைந்த வேகத்தில் யானைப்படை இல்லாத குறை தெரியவில்லை. அவர் போனபின் முதலாளி குரல் உயர்த்தாமல் சொன்னார்.

"அண்ணே, கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் நாற்காலி சும்மா இருக்கட்டும்."

அரியணை இழந்த அண்ணல், மனைவி துணைவர மருத்துவமனை ஏகினார். பச்சை அங்கியே கவசமாக, காகிதத் தொப்பியே மணிமுடியாக, தள்ளுகட்டிலே தேராக அவர் களம் புகுந்த காட்சியைக் கண்டு நடுங்கியவர் ஒருவரே, அவர் அவரேதான். இமைகளைக் கம்பியொன்று பிரித்துப் பிடிக்க, ஆயிரம் ஞாயிறு ஒருங்கே உதித்தாற்போல் விளக்கு எரிந்தது. 'வருக பகையே' என்று நெஞ்சு விம்ம, வாய் மட்டும் "டாக்டர், வலிக்குமா?" என்றது.

"வலிக்காது. அசையாம இருங்க, பேசாம இருங்க."

முன்னது எளிது, பின்னதே பெருந்தவம். மாவீரர் தம் உயிலை மனத்துள் எழுதி, அதிலொரு சந்திப்பிழை கண்டு திருத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போர் நடந்தது பதினைந்து நிமிடம்.

மறுநாள் கட்டவிழ்த்து வீடு திரும்பியதும், தம் பழம்புகழைத் தாமே தரிசிக்க விழைந்து, வீட்டுக்கு எடுத்துவந்து திருத்தி, அச்சானபின் கட்டிவைத்திருந்த ஈராண்டு மெய்ப்புத் தாள்களை அலமாரியிலிருந்து இறக்கினார். பக்கந்தோறும் சிவப்புத் திருத்தங்கள். பாதி அவருடையவை. மீதி, அவர் ஒருபோதும் சுழிக்காத வகையில் சுழித்த வேறொரு கையின் எழுத்து.

"இது யாரு எழுத்து?"

"என்னோடதுதான்" என்றாள் மனைவி, துணி மடித்தபடியே. "ரெண்டு வருஷமா நீங்க குளிக்கப் போறப்ப பாத்து வைப்பேன். அந்தப் பத்திரிகை வந்த வாரம் நான் நம்ம பொண்ணு வீட்டுல இருந்தேன்."

பிழைகளின் காலன் ஒரு தாளை எடுத்து, புதுக்கண்ணின் முழுவலிமையும் திரட்டி, அவள் திருத்தியதில் குற்றம் தேடினார். கிடைக்கவில்லை. இன்னொரு தாள். அதிலும் இல்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, கண்ணு மங்கிடுச்சுன்னு ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

மறுமொழியாக ஒரு பேருரை அவர் தொண்டைக்குள் அணிவகுத்து நின்ற வேளையில், அவள் சொட்டு மருந்தோடு வந்து மல்லாந்து படுக்கச் சொன்னாள்.

அவர் படுத்துக்கொண்டார்.