அத்தாட்சி ஐயா என்னைக் காலி பண்ணச் சொன்ன மாதம்

ராமேஸ்வரம் தீவில் சட்டத்துக்கு எங்கள் வீட்டுக்காரரைப் போலப் பயந்தவர் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. அவருக்குப் பயந்து நடுங்கிய ஒரே ஆள், அவருடைய வீட்டில் வாடகைக்கு இருந்த நான்.

தங்கச்சிமடத்தில் அவர் மாடியில் இருந்தார், நாங்கள் கீழே. ஊர் அவருக்கு வைத்த பெயர் அத்தாட்சி. சாவி கொடுத்தால் சாட்சி வேண்டும், மீன் வாங்கினால் பில் வேண்டும். மீன்காரம்மா ஒருநாள் பொறுமையிழந்து, ஒரு வாலை நறுக்கிக் கையில் கொடுத்து, "இதான்யா பில்லு" என்றாள். அதையும் பத்திரமாக வாங்கிக்கொண்டுதான் போனார்.

நான் ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நின்றுவிட, ஐஸ் கேட்க ஆளில்லை. சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம் என்று முதலாளி கம்பெனியைப் பூட்டிவிட்டார். ஏற்கெனவே ஒரு மாத வாடகை பாக்கி, அதோடு சேர்த்து இரண்டு மாதம் நின்றது. மனைவி நிறைமாதம். வீட்டைவிட்டு அனுப்பினால் எங்கே போவது என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐயா சத்தமே போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வக்கீல் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே நோட்டீஸ் எழுதி, மாடியிலிருந்து கீழ்வீட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். தபால்காரர் வந்தபோது கூடவே படியிறங்கி வந்து, நான் கையெழுத்துப் போடுவதைக் கண்குளிரப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரே விளக்கமும் சொன்னார். ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் ஒன்றும் இல்லை. கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடுவார். ஒப்பந்தத்தை முறையாகப் பதிவு செய்திருப்பதால் மனு நிற்கும். உத்தரவு வந்தால் நான் காலி செய்தே ஆகவேண்டும்.

"வீட்டுக்காரன் தானாப் பூட்டுப் போடக் கூடாது தம்பி. தண்ணி, கரண்டு எதையும் நிறுத்தக் கூடாது. நிறுத்துனா என்னையத்தான் புடிப்பாக" என்றார். சொல்லும்போதே அவர் குரல் நடுங்கியது.

அடுத்த வாரம் காற்றில் கரண்ட் போனது. தீவில் பாதி இருட்டு. ஆனால் ஐயா எமர்ஜென்சி விளக்கோடு ஓடிவந்து, கரண்டை நிறுத்தியது தான் அல்ல என்று என்னிடம் எழுதி வாங்கினார். விளக்கை எங்களிடமே விட்டுவிட்டு, தட்டுத்தடுமாறிப் படியேறினார். மோட்டார் ரிப்பேரானபோது குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிவந்து வாசலில் வைத்தார். காலி பண்ணச் சொல்லிவிட்டு இப்படி ஓடியோடிக் கவனித்த மனிதரை நான் கண்டதில்லை. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்து முடித்ததும், பிள்ளையை எந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவோம் என்று கேட்பாள்.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த மறுநாளே கெடு முடிந்தது. விடிந்ததும் ஐயா வெள்ளைச் சட்டையும் தோள் பையுமாக வாசலில் நின்றார். ராமநாதபுரத்துக்கு, வக்கீலைப் பார்க்கத்தான் கிளம்பிவிட்டார் என்று தெரிந்தது. உள்ளே பிள்ளை அழுதாள். அவர் எட்டிப் பார்க்கவில்லை.

"கையில எம்புட்டு இருக்கு?"

ஒரு நூறு ரூபாய் இருந்தது. நீட்டினேன். வாங்கிக்கொண்டு, சுவரில் காகிதத்தை வைத்து ரசீது எழுதினார். இது பாக்கிக்குப் பத்தாதே ஐயா என்றேன்.

"பத்தாதுதான். ஆனா நோட்டீஸு குடுத்த பெறகு வாடகைன்னு சல்லிக்காசு வாங்குனாலும் கேசு நிக்காதுன்னு வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "இனி முதல்ல இருந்து நோட்டீஸு குடுக்கணும். அதுக்குள்ள போட்டெல்லாம் கடலுக்குப் போயிரும். சட்டத்த மீறி நான் என்ன செய்ய?" என்றார். என் மனைவியை வரச்சொல்லி, ரசீதில் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாடிக்கே திரும்பிவிட்டார். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

தடை முடிந்தது, கம்பெனி திறந்தது, பாக்கியைக் கட்டினேன். இப்போது ராமநாதபுரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். அவரைப் பற்றி எழுத அனுமதி வாங்கவில்லை. இதைப் படித்தால் பதிவுத் தபாலில் நிச்சயம் நோட்டீஸ் வரும். வரட்டும். ஐயாவின் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.